ஆன்சியின் ஆம்ப்ளிஃபயரும் ராவ் சாரின் இடது காதும்

ஆன்சிக்குப் பகலில் ஒரு வேலை. வீட்டுக்கு வந்த பிறகு அதற்கு நேர் எதிரான இன்னொரு வேலை.

தில்லைநகரில் காது மெஷின் விற்கிற கடை ஒன்றில் பதினாறு வருஷமாக இருக்கிறாள். வருகிறவர்களின் காதைப் பரிசோதித்து, மெஷினைப் பொருத்தி, "டிவியைக் குறைச்சு வைங்க, பட்டாசுப் பக்கம் போகாதீங்க, இருக்கிற காதைக் காப்பாத்திக்குங்க" என்று கனிவாகச் சொல்லி அனுப்புவாள். அதே ஆன்சி சாயங்காலம் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஸ்ரீரங்கம் மேலூர் ரோட்டில் இருக்கும் தன் மாடி வீட்டுக்கு வந்ததும், யார் காதும் தாங்காத சத்தம் போடுகிற கிட்டார் ஆம்ப்ளிஃபயர் கட்டுவாள்.

இந்தப் பைத்தியம் காலேஜ் நாளில் பிடித்தது. சர்ச் பாடகர் குழுவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் ஒத்திகையில் யாரோ இரவலாகக் கொண்டுவந்த பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரில் சத்தம் கூட்டுகிற குமிழை, தெரியாமல் கடைசிவரை திருப்பிவிட்டாள். ஒரே ஒரு கம்பியைத் தட்டியதுதான். கித்தான் துணியைப் பத்துப் பேர் சேர்ந்து கிழிப்பது போல ஒரு சத்தம் வந்தது. ஆர்மோனியக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "குறைம்மா, குறை!" என்று நாலு பக்கமும் கத்தினார்கள். ஆன்சியும் குறைத்தாள். ஆனால் உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிருந்தது.

முப்பத்தொன்பதாவது வயதில்தான் அந்தச் சத்தத்தைத் தானே செய்ய முடியும் என்று தெரிந்தது. பார்சலில் ஒரு கிட் வரவழைத்தாள். ஓட்டை போட்ட அலுமினியத் தட்டு, பை பையாக உதிரி பாகங்கள், பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்தக் கண்ணாடி வால்வுகள், கூடவே ஒரு வரைபடம். உள்ளே நானூறு வோல்ட் ஓடுகிற சாமான் என்பதால், கரண்ட் இருக்கும்போது ஒரு கைதான் உள்ளே போகலாம், இன்னொன்று முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். "நாட்டியம் ஆடப் போறியா, ரிப்பேர் பார்க்கப் போறியா?" என்பார் கணவர் இன்னாசி. முதல் பெட்டி பாடியது. இரண்டாவது நன்றாகப் பாடியது. மூன்றாவதில் வரைபடத்தில் இல்லாததையெல்லாம் சேர்க்கத் தொடங்கினாள்.

நாலாவதுதான் வம்பு. கேட்டு வந்தவள் அல்ஃபியா, உறையூரில் கிளினிக் வைத்திருக்கிற பல் டாக்டர். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று தோழிகளோடு மெட்டல் என்கிற முரட்டு ராக் இசை வாசிக்கிறவள்.

"எவ்வளவு கரகரப்பு வேணும்?" என்று ஆன்சி கேட்டாள்.

"நாள் பூரா பல்லு குடையற மெஷின் சத்தத்துலயே இருக்கேன்க்கா. எனக்கே பயமா இருக்கற மாதிரி வேணும்."

இப்படிக் கேட்கிறவர்களை ஆன்சிக்கு ரொம்பப் பிடிக்கும். கிட்டில் இருந்ததற்கு மேல் ஒரு வால்வு கூட்டினாள். பாலக்கரையில் மோட்டார் காயில் கட்டுகிற முகம்மது கனியிடம் சொல்லி, ஸ்பீக்கருக்குப் போகிற அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பெரிதாகச் சுற்றி வாங்கினாள். அது பெரிதாகிவிட்டதால் தட்டில் இடம் போதவில்லை. கரண்ட் வருகிற மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரை ஒட்டினாற்போல உட்கார வைத்தாள்.

பெட்டி உறுமியது. அற்புதமாக உறுமியது. ஆனால் யாரும் வாசிக்காதபோதும் 'ம்ம்ம்ம்' என்று அடிவயிற்றிலிருந்து ஒரு முனகல். எர்த்தை மூன்று தடவை பிரித்துக் கட்டினாள். ஊதுவத்திக் குச்சியால் ஒவ்வொரு ஒயராகத் தள்ளிப் பார்த்தாள். முனகல் அசையவில்லை. அல்ஃபியாவின் குழு வாசிக்கப் போகிற இசைப் போட்டிக்கு இருந்ததோ எட்டே நாள்.

அந்த ஞாயிறு மத்தியானம் காலிங் பெல் அடித்தது. பெட்டியை அணைக்காமல், சத்தம் மட்டும் நிற்கும்படி ஒரு சுவிட்சைத் தட்டிவிட்டுக் கதவைத் திறந்தாள். கீழ் வீட்டு பீமராவ். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு நோட்டு.

"நேத்து நாலு பன்னெண்டுக்கு ஒண்ணு. நாலு முப்பத்தஞ்சுக்கு ஒண்ணு. அஞ்சு எட்டுக்கு வந்தது ஆறு மணி வரைக்கும் போகவே இல்ல. என்னம்மா ஆன்சி, எருமை ஏதாவது வளக்கறியா?"

ஆன்சிக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. போன வருஷம் வரை மனுஷனுக்கு இடி இடித்தாலும் கேட்காது. இடது காதுக்கு மெஷின் வைத்துவிட்டதே அவள்தான்.

"மன்னிச்சுக்குங்க சார், இந்த வாரத்தோட முடிஞ்சுடும்."

அவர் பதில் சொல்லாமல் அடுத்த பக்கத்தைப் படித்தார். திரும்பவும் மன்னிப்புக் கேட்டாள். அதற்கும் பதில் இல்லை. படித்து முடித்துவிட்டு, நேரே மேஜைக்குப் போய்ப் பெட்டிக்குள் குனிந்தவர், "ஐயோ!" என்று காதைப் பொத்திக்கொண்டார். "பாரு, இப்பவும் கத்துது!"

பெட்டி கத்தவில்லை. அறையில் மின்விசிறிச் சத்தம் மட்டும்தான். அவர் தலையை நிமிர்த்தி, "இப்ப நின்னு போச்சு" என்றார். மறுபடி குனிந்து, "இப்பக் கத்துது."

ஆன்சி அவர் தலையைத் திருப்பிக் காது மெஷினைப் பார்த்தாள். போன் மோடில் இருந்தது. புனேயில் இருக்கும் மகளிடம் பேசிவிட்டு மாற்ற மறந்து வந்திருக்கிறார். அந்த மோடில் வெளிச்சத்தம் எதுவும் கேட்காது. அதற்குள் இருக்கிற சின்னக் காயில், பக்கத்தில் இருக்கிற காந்தப் புலத்தை மட்டும் பிடித்துக் காதுக்குள் சத்தமாக்கும். அப்படியானால் இப்போது அவர் கேட்பது மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரை. அவர் காது பிடிக்கிற அதே புலத்தைத்தானே ஒட்டி உட்கார்ந்திருக்கும் கனியின் ட்ரான்ஸ்ஃபார்மரும் பிடித்து ஸ்பீக்கருக்கு அனுப்பும்!

"சார், நீங்க தெய்வம்!" என்றாள். அவருக்குக் கேட்கவில்லை. மோடை மாற்ற விடாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, அவருடைய நோட்டிலேயே எழுதினாள்: 'உங்க காது எனக்கு அரை மணி நேரம் வேணும்.'

பீமராவ் அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கடிகாரத்தைப் பார்த்து, "மூணு இருபதுலேர்ந்து மூணு அம்பது வரைக்கும்" என்றார்.

கரண்டை அணைத்து, உள்ளே தேங்கியிருந்ததையும் வடித்து, வால்வுகளைப் பிடுங்கி, ஒயர் முனைகளுக்கெல்லாம் டேப் சுற்றினாள். அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரைக் கழற்றிவிட்டு, அது இருந்த இடத்துக்கு நேராக ஒரு துண்டை மடித்து வைத்து ராவ் சாரின் இடது கன்னத்தைச் சாய்க்கச் சொன்னாள். மெயின் ட்ரான்ஸ்ஃபார்மரின் திருகுகளைக் கழற்றி, அதற்கு மட்டும் கரண்ட் கொடுத்து, ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, மரக்கரண்டியால் அதை மெல்லத் திருப்பினாள்.

"வரலாம், வரலாம்..." ராவ் சார் கண்ணை மூடிக்கொண்டு பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொல்வது போலக் கையை ஆட்டினார். "கத்துது. இன்னும் வரலாம். குறையுது, குறையுது, லேசா... ஹோல்டான்!"

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"நின்னு போச்சும்மா. சுத்தமா நின்னு போச்சு."

ஆன்சி பென்சிலால் கோடு போட்டாள். ட்ரான்ஸ்ஃபார்மர் பார்க்கச் சகிக்காத கோணத்தில், கல்யாண போட்டோவில் கோபித்துக்கொண்டு திரும்பி நிற்கும் சித்தப்பா மாதிரி இருந்தது. அப்படியே புதிதாக ஓட்டை போட்டு முடுக்கினாள். எல்லாவற்றையும் திரும்ப மாட்டிப் பெட்டியைப் போட்டபோது ராவ் சார் மெஷினைச் சாதாரண மோடுக்கு மாற்றிக்கொண்டு காத்திருந்தார்.

"ஒண்ணுமே கேக்கலையே? உன் பொட்டி ரிப்பேரா, என் மெஷின் ரிப்பேரா?"

"ரெண்டுமே நல்லா இருக்கு சார்" என்றாள் ஆன்சி. ஒரு பெட்டி சும்மா இருப்பதற்காக மனுஷிக்கு அழுகை வருமா? வந்தது.

போட்டி அடுத்த ஞாயிறு சாயங்காலம், ஒரு கல்லூரி அரங்கத்தில். ராவ் சாரும் கிளம்பிவிட்டார். வாசலிலேயே ஆன்சி அவருடைய மெஷினைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டாள். அல்ஃபியா மேடையேறி முதல் அடி அடித்ததும் மூன்றாவது வரிசையில் இருந்த ஆன்சிக்கு நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. அடித்துவிட்டு அல்ஃபியா கம்பிகளை உள்ளங்கையால் அமுக்கினாள். உடனே மயான அமைதி. துளி முனகல் இல்லை. மறுபடி அடி. ராவ் சார் மார்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "ஓடுது, ஓடுது!" என்று ஆன்சியிடம் கத்தினார்.

அல்ஃபியாவின் குழுவுக்கு மூன்றாவது இடம்தான். பாடியவளின் குரலே கேட்கவில்லை என்று நடுவர் குறை சொன்னார். அல்ஃபியாவுக்கு அதில் பெருமை தாங்கவில்லை.

முடிந்ததும் இரண்டு கிட்டார்க்காரர்கள் ஓடி வந்து, "இதை யார் கட்டினது?" என்று கேட்டார்கள். அல்ஃபியா ஆன்சி இருந்த பக்கம் கை காட்டினாள். அவர்கள் நேரே ராவ் சாரிடம் போய்க் கை கொடுத்து, எத்தனை வால்வு, என்ன ட்ரான்ஸ்ஃபார்மர் என்று சரமாரியாகக் கேட்டார்கள். மெஷின் இல்லாத ராவ் சார் ஒவ்வொன்றுக்கும் கம்பீரமாகத் தலையாட்டினார்.

ஆன்சி கொஞ்ச நேரம் அதை ரசித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து, "தம்பி, அஞ்சு வால்வு சின்னது, ரெண்டு பெருசு. பொட்டி சூடா இருக்கு, ஆறட்டும். அப்புறம் ஆளுக்கொரு பக்கம் பிடிச்சீங்கன்னா, ஆட்டோ வரைக்கும் எல்லாத்தையும் சொல்லிக்கிட்டே வரேன்" என்றாள்.