குடை பிடித்த ரைட்டர்

அவர் காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்காடு கடைத்தெருவில் கூரைத் தகரம் விற்றுவந்த என்னைக் கொல்லைப்புறத்துக்கு நிழல் போட அழைத்திருந்தார்.

மூன்றாம் முறையாக மேடேறிப் போனேன். நோயில் இளைத்த மனைவியை நாற்காலியில் உட்கார வைத்து, பக்கத்தில் நின்று கறுப்புக் குடை பிடித்திருந்தார். கை சோர்ந்தால் மறு கைக்கு மாற்றிக்கொள்வார்.

தகரம் கொதிக்கும் என்றார். கீற்று மூடுபனியில் மக்கிவிடும் என்றார்.

"காப்பிச் செடிக்கு உடற மாதிரி வெயிலும் நெழலும் கலந்து விழோணுமுங்க."

எனக்கு அலுத்துவிட்டது. கிளம்பும்போதுதான் நாற்காலியருகே முழங்கால் உயரத்தில் புதிதாக நட்ட சில்வர் ஓக் கன்றைப் பார்த்தேன். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வைக்கிற மரம் அது.

"ஏனுங்க, இது எப்ப நெழலு குடுக்கறது?"

"ஏழெட்டு வருசம் ஆகுமுங்க."

கண்மூடிக் கிடந்த அந்த அம்மாள் மெல்லச் சொன்னார்: "நொம்ப அசதியா இருக்குதுங்க. ஆனா கன்னு நட்டுப்போட்டாரு. இனி அது பெருசாகற வரைக்கும் நா இருந்தே ஆகோணுமாம்."

ரைட்டர் குடையை இடக்கைக்கு மாற்றினார்.

தகரக்காரனுக்கு அதற்குமேல் அங்கே வேலை இருக்கவில்லை.