ஜன்னல் நன்றாக விழுந்த படங்கள்

கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதிப்பது அவர் உத்தியோகம். முள் நடுவில் நிற்கிறதா, இல்லையா? அதற்கு மேல் அவரிடம் யாரும் வாதாட முடியாது. கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பெயர் 'முள்ளுக்காரர்'. அவருக்கும் உள்ளூர அதில் பெருமைதான்.

அப்படிப்பட்டவர் கையில் ஃபிலிம் கேமரா கிடைத்தால் கேட்கவா வேண்டும்? வெளிச்சத்தை அளக்கும் அதன் மீட்டரிலும் ஒரு முள் இருந்தது. மனைவியை ஜன்னலுக்கு முன்னால் நிறுத்துவார், முள்ளை நடுவுக்குக் கொண்டுவருவார், பொத்தானை அமுக்குவார். கழுவி வந்தால் ஜன்னல் பளிச்சென்று இருக்கும். அவள் மட்டும் கரிக்கட்டை. கல்யாணமான நாளிலிருந்து இதே கதைதான். குற்றம் ஃபிலிமுடையது, கழுவியவனுடையது, அவள் நின்ற விதத்துடையது. முள்ளுடையதாக மட்டும் ஒருநாளும் இருந்ததில்லை.

அவளுக்குத் தலைமையாசிரியையாகப் பதவி உயர்வு வந்தது. பள்ளிக்கூடச் சுவரில் மாட்ட ஒரு படம் கேட்டார்கள். அவள் ஸ்டுடியோவுக்குக் கிளம்பினாள்.

"வீட்டுல கேமராவை வச்சுக்கிட்டு ஸ்டுடியோவா? ஊர் சிரிக்காது?" என்று மறித்துவிட்டார்.

"சுவத்துலயாவது என் முகம் தெரியணுங்க. அவ்வளவுதான் கேக்கிறேன்."

அவர் எடுத்தார். படம் கழுவுகிற கடை வைத்திருந்த மச்சினன் பிரதியோடு வந்தான்.

"மாமா, ஜன்னல் பிரமாதம். அக்கா எங்க?"

"முள் நடுவுலதான்டா இருந்துச்சு!"

"இருக்கும். ஜன்னல் வெளிச்சத்தைத்தானே அளந்திருக்கு? அக்கா முகத்துக்கிட்ட கொண்டுபோய் அளங்க. அந்த அளவை அப்படியே வச்சுக்கிட்டுப் பின்னால வந்து எடுங்க. அப்புறம் முள் எங்க போனாலும் கண்டுக்காதீங்க."

கண்டுக்காமல் இருப்பதா! முகத்தருகே போய் அளந்தார். பின்னால் வந்தார். முள் மேலே ஏறி ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. அந்த நிலையில் படம் எடுப்பது அவருக்குக் கள்ளத்தராசில் நிறுத்துக் கொடுப்பது மாதிரி. மனம் கேட்காமல் அளவை மாற்றினார். சந்தேகம் வந்து மறுபடி முகத்தருகே போனார். போனார், வந்தார், போனார். அவள் சிரிப்பு போய், பொறுமை போய், நின்ற காலும் மரத்துப்போனது. கடைசியில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு பொத்தானை அமுக்கினார்.

இந்தத் தடவை முகம் விழுந்திருந்தது. புருவ முடிச்சு, இறுகிய உதடு, கண்ணில் தெரிந்த சலிப்பு, எதுவுமே தப்பவில்லை.

அவர் படத்தை அவளிடம் நீட்டினார். "இது வேணாம்மா. கோபமா இருக்கே. ஸ்டுடியோவுக்கே போயிட்டு வா."

அவள் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தாள். பிறகு உறையில் போட்டுக் கைப்பையில் வைத்தாள்.

"இதுவே இருக்கட்டும். நீங்க கேமராவை எடுத்தா எப்பவும் எனக்கு இந்த முகம்தாங்க. இருட்டுல உங்களுக்குத் தெரியலை."