மறந்துபோகிற கணக்கு டீச்சர்

செஞ்சியில் ஆசிரியர்களுக்கு ஸ்மார்ட் போர்டு பயிற்சி கொடுத்ததுதான் என் முதல் வேலை. கூடம் நிறைய ஆசிரியர்களைப் பார்த்ததும் எனக்குப் பேச்சே வரவில்லை. முன்வரிசையிலிருந்து ஒரு கணக்கு டீச்சர் எழுந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "சார், இத ஆன் பண்றதே தெரியல, கொஞ்சம் சொல்லுங்களேன்" என்றார். அவருக்குச் சொல்லத் தொடங்கியவன் மாலைவரை நிறுத்தவில்லை.

ஒரு மாதம் கழித்து, சிங்கவரத்தில் அவர் வகுப்பைப் பார்க்கப் போனேன். திரையில் கோட்டை மலையின் படம். டீச்சர் அங்கும் இங்கும் தொட்டுப் பார்த்துவிட்டு, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கோடு போடறது எதுல இருக்குது? மறந்துட்டேனே!"

என் பயிற்சி வீண் என்று எனக்கு முகம் தொங்கிவிட்டது. அதற்குள் கடைசி வரிசைச் சிறுமி ஒருத்தி தயங்கியபடி வந்தாள். அடிவாரத்திலிருந்து உச்சிவரை விரலால் ஒரே கோடு இழுத்தாள். அதை ஒரு முக்கோணமாக முடித்து, மலையின் உயரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது என்று வகுப்புக்கே விளக்கினாள்.

வெளியே வந்ததும், "இன்னொரு தடவை சொல்லித் தரட்டுமா டீச்சர்?" என்றேன்.

"அந்தப் படத்த போர்டுல ஏத்துனதே நான்தான் சார்" என்று சிரித்தார். "அந்தப் பொண்ணு ஜூன்லேர்ந்து வாயே தொறக்கல. எனக்கே தெரியும்னா, அது இன்னாத்துக்கு எழுந்து வரும்?"

அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான் என்று இப்போதும் எல்லாரிடமும் பெருமையாகச் சொல்கிறேன். ஆனால் அன்று போர்டை ஆன் பண்ணத் தெரியாது என்றாரே, அது நிஜந்தானா என்று கேட்கத்தான் இன்றுவரை தைரியம் வரவில்லை.