வெர்னாவின் கேக்குக்கு ஊர் சொன்ன தீர்ப்பு

வெர்னா டோலஃப்சன் பால்பண்ணையில் பிறந்தவள். இரும்புக்கடை ஓர்வில்லைக் கட்டிக்கொண்டவள். மினசோட்டாவின் வடகோடியில், பாதி வருஷம் பனி மூடிக் கிடக்கும் சாலைகளில் பள்ளிப் பேருந்து ஓட்டியே தலை நரைத்தவள். பேச்சு குறைவு. பிள்ளைகள் கூச்சல் போட்டால் கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், பேருந்து அடங்கிவிடும். தேவாலய விருந்துக்கு ஆப்பிள் கேக் செய்து கொண்டுபோவாள். தட்டின் அடியில் தன் பெயரை எழுதி ஒட்டியிருப்பாள். அந்தப் பெயரைப் பார்க்காமலே அது யார் கேக் என்று ஊருக்குத் தெரியும்.

எங்கள் பக்கத்தில் கோபத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. உன்மேல் கோபமென்றால் உன் பண்டத்தைத் தொடமாட்டார்கள், அவ்வளவுதான். தொட்டுவிட்டாலோ இன்னொரு கூத்து. கடைசித் துண்டை எடுப்பது பேராசையாம். அதனால் அதைப் பாதியாக வெட்டுவார்கள். அடுத்து வருகிறவர் அந்தப் பாதியில் பாதி. கடைசியில் எறும்புக்குப் போடும் அளவு ஒன்று தட்டில் தனியாகக் கிடக்கும்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வெர்னாவை, போன வசந்தத்தில் ஜூரிக்கு, அதாவது நீதிமன்றத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லும் பன்னிரண்டு ஊர்க்காரர்களில் ஒருத்தியாக, அழைத்தார்கள்.

வழக்கு சாதாரணமானதல்ல. அதற்கு முந்தின நவம்பரில், மான் வேட்டை தொடங்கிய முதல் நாள், ஏரிக்கரைக் காட்டில் ஐஸ் ஹாக்கி பயிற்சியாளர் கர்ட் லிண்ட்வாலை யாரோ முதுகில் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம் சறுக்கப் பழகியவர்கள். பிடிபட்டவன் பக்கத்து நிலத்துக்காரன் லைல் ப்ரோகாப். எல்லைத் தகராறில் வருஷக்கணக்காக அவரோடு மல்லுக்கு நின்றவன். அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல அவன் வீட்டு நாய்கூட யோசிக்கும். ஆனால் சாட்சி என்று இருந்தது ஒன்றே ஒன்று. ஏரிக்கு அக்கரையில் இருந்த ஒருவர், சுட்டுவிட்டு நடந்து போனவனின் முதுகைப் பார்த்தாராம். ஆரஞ்சு நிறச் சட்டை, லைலின் நடை. வேட்டைக் காலத்தில் காட்டுக்குள் போகிற எல்லோரும் ஆரஞ்சுதான் போட வேண்டும் என்பது சட்டம்.

ஜூரி அறையில் கை தூக்கச் சொன்னபோது, ‘குற்றம் நிரூபணமாகவில்லை’ என்று முதலில் எழுந்தது வெர்னாவின் கை. பிறகு ஒவ்வொன்றாக மற்ற கைகளும் எழுந்தன. லைல் வீட்டுக்குப் போனான்.

வெறும் வாயை மென்றுகொண்டிருந்த ஊருக்கு அவல் கிடைத்தது. சாப்பாட்டுக் கடையில் அதே பேச்சு, வானொலியில் அதே சண்டை. பன்னிரண்டு பேருக்கும் மூளை இல்லை என்றது ஒரு கட்சி. சட்டம் தெரியாமல் பேசாதே என்றது இன்னொரு கட்சி. அது சிறிய கட்சி. உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட முடியுமா?

வெர்னாவுக்கு ஊர்கூடப் பெரிதல்ல, மார்லிஸ்தான் பெரிது. ஒரே வகுப்பில் படித்து, ஒரே சமையலறையில் விருந்துக்குக் காய் நறுக்கி வயதான சிநேகிதி. அவள் பேரன் கர்ட்டின் குழுவில் ஆடியவன். கோடையில் ஒரு நாள் சாப்பாட்டுக் கடையில் மார்லிஸ் அவளை மடக்கினாள்.

“உன்னை எனக்குத் தெரியும்டி. நீ அப்படிச் சொல்லியிருக்க மாட்ட. மத்தவங்க இழுத்த இழுப்புக்குப் போயிருப்ப. அதை மட்டும் சொல்லிடு, நான் ஊர் வாயை அடைக்கிறேன்.”

தப்பிக்க நல்ல வழி. தலையாட்டியிருந்தால் போதும்.

“முதல் கை என்னோடதுதான் மார்லிஸ்,” என்றாள் வெர்னா.

மார்லிஸ் காபியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனாள். அடுத்த விருந்தில் வெர்னாவின் கேக்கில் கத்தியே படவில்லை. வைத்தபடி திரும்பி வந்ததை ஓர்வில் ஒருவனே ஒரு வாரம் தின்று தீர்த்தான்.

நவம்பர் வந்தது. தேவாலயத்துக்கு அடியிலுள்ள நிலவறைக் கூடத்தில் வேட்டைக்காரர் விருந்து.

“அந்தப் பேரைக் கிழிச்சிடேன்,” என்றான் ஓர்வில், கேக்கைக் காரில் வைக்கும்போது. “யாரோடதுன்னு தெரியாம வெளியூர் வேட்டைக்காரங்க ரெண்டு பேராவது தின்பாங்க.”

“நான் என்ன திருடியா? பேரு இருக்கட்டும்.” சொல்லிவிட்டாளே தவிர, நிலவறைப் படியில் அவள் நின்று நின்றுதான் இறங்கினாள். இன்றும் கேக் முழுசாகத் திரும்பினால் இனி இந்தப் பக்கம் வருவதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள்.

காட்டிலிருந்து நேராக வந்த ஆண்கள் வரிசையில் நின்றார்கள். மேசை நெடுக ஆரஞ்சு முதுகுகள். சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்த மார்லிஸ், ஒரு முதுகில் பளாரென்று ஒன்று வைத்தாள்.

“யோவ்! இது மூணாவது தட்டு! வயிறா, தானியக் குதிரா? நேத்து ராத்திரி நெஞ்சு எரியுதுன்னு என் தூக்கத்தைக் கெடுத்தது மறந்துபோச்சா?”

முதுகு திரும்பியது. போதகர்!

“எனக்கு இதுதாம்மா முதல் தட்டு,” என்றார் அவர், பாவமாக.

அவள் புருஷன் ஹார்லன் கதவருகே, வரிசையின் கடைசியில், காலித் தட்டோடு நின்றிருந்தான். “நான் இங்க இருக்கேன் மார்லிஸ்! நாப்பது வருஷமாச்சு, இன்னுமா என் முதுகு தெரியலை உனக்கு?”

கூடமே வெடித்துச் சிரித்தது. போதகரும் சிரித்தார். பிறகு அந்தச் சிரிப்பு ஒரு மாதிரி தேய்ந்து அடங்கியது. அக்கரை, ஆரஞ்சுச் சட்டை, முதுகு என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். அவரவர் தட்டை அவரவர் பார்த்துக்கொண்டார்கள். நாங்கள் அப்படித்தான். வெர்னா நிமிர்ந்து பார்க்காமல் காபி ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு தட்டை எடுக்கப் போனாள். மூலையில், விரல்நகம் அளவு கேக். அதன் ஒரு பக்கத்தில் வெட்டு, அந்த வெட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு வெட்டு. அவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மார்லிஸ் வந்தாள். முகத்தில் இன்னும் சிவப்பு போகவில்லை. கத்தியை எடுத்து, அந்த நகத்தளவுத் துண்டையும் பாதியாக வெட்டி, ஒரு பாதியை வாயில் போட்டுக்கொண்டாள்.

“பட்டை கொஞ்சம் தூக்கல்.”

“எப்பவும் போடறதுதான் போட்டேன்.”

“நான் இன்னும் அவன்தான் சுட்டான்னு நினைக்கிறேன். தெரிஞ்சுக்கோ.”

“நினைச்சுக்கோ.”

“ஆனா...” என்று தொடங்கிய மார்லிஸ், ஈரத்துணியை எடுத்து, சுத்தமாக இருந்த மேசையை அழுத்தித் துடைத்தாள். “வியாழக்கிழமை பாத்திரமெல்லாம் தேய்க்கணும். சீக்கிரம் வந்து சேரு. தனியா என்னால முடியாது.”

காரில் ஓர்வில் இஞ்சினைப் போட்டுக்கொண்டு காத்திருந்தான். போன தடவை போலவே முழுக் கேக்கையும் தின்ன இந்தத் தடவையும் தயாராகத்தான் இருந்திருப்பான். வெர்னா தட்டை அவன் மடியில் வைத்தாள். அவன் உள்விளக்கைப் போட்டு உற்றுப் பார்த்தான்.

“எனக்கு இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான்,” என்றாள் வெர்னா. வசந்தத்திலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகையெல்லாம் அப்போதுதான் வந்தது.