நாலாவது ஆளின் படகுக் கூலி

அன்று போனவர்கள்: நான், என் மனைவி சரோஜா, அவள் தங்கை வசந்தா. மூன்று பேர் என்றுதான் வழிநெடுகச் சொன்னேன். சரோஜாவுக்கு அப்போது ஐந்து மாதம். இதற்குமுன் இரண்டு தடவை நாலாம் மாதத்திலேயே கலைந்துபோனதால், இந்த முறை வெளியில் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை.

பொன்னேரியில் தையல் கடை வைத்திருக்கிறேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். பார்த்ததைப் பார்த்தபடி எழுதுகிறேன். 1979, பங்குனி முதல் ஞாயிறு. பழவேற்காடு ஏரிக்கு வந்திருக்கும் பூநாரைகள் இன்னும் கொஞ்ச நாளில் போய்விடும் என்று யாரோ சொன்னதிலிருந்து, பார்த்தே ஆகவேண்டும் என்று சரோஜா ஒரே பிடியாக இருந்தாள். மாங்காய் கேட்டால் வாங்கித் தரலாம். பறவை கேட்டால்? டாக்டரம்மாவிடம் ஓடினேன். "கூட்டிக்கிட்டுப் போப்பா. வீட்லயே பூட்டி வெச்சாத்தான் கெடுதல்" என்றார்.

காலை ஆறே முக்கால் பஸ். பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். டிக்கெட் ஆளுக்குத் தொண்ணூறு பைசா. ஒவ்வொரு பள்ளத்துக்கும் முன்னால் "மெதுவாண்ணே" என்றேன். நாலாவது தடவை டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"இன்னா சார், முட்டை ஏத்திக்கினு வந்துக்கிறியா?"

வசந்தா சிரித்துவிட்டாள். ஆனால் பஸ் மெதுவாகத்தான் போனது. திருப்பாலைவனம் தாண்டியதும் அறுப்பு முடிந்த வயல்கள். சாலையோரம் புங்க மரங்கள் புதுத்துளிர் விட்டு நின்றன. எங்கிருந்தோ வேப்பம்பூ வாசம் ஜன்னல் வழியே வந்தது. சரோஜா கண்ணை மூடி அதை இழுத்துக்கொண்டாள்.

எட்டு மணிக்கு ஏரிக்கரை. படகுக்காரர் காதர் பாய்க்கு அறுபது வயதிருக்கும். ஆளுக்கு ஒன்றரை ரூபாய் என்றார்.

"எத்தினி பேரு?"

"மூணு பேர் பாய்."

எங்களை ஒரு தரம் பார்த்தார். பலகைமேல் சாக்கை நாலாக மடித்துப் போட்டு, "நீ இப்படி நடுவுல குந்தும்மா" என்று சரோஜாவை உட்காரவைத்தார்.

கண்ணுக்கெட்டியவரை தண்ணீர். எனக்கு நீச்சல் தெரியாது.

"எவ்ளோ ஆழம் பாய்?"

அவர் கழியை வைத்துவிட்டுத் தொப்பென்று குதித்தார். நான் அலறிவிட்டேன். தண்ணீர் அவர் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே நின்றது.

"இவ்ளோதான். கழி போட்டா ஆட்டம் குடுக்கும். நடந்தே இழுக்கறேன்."

அரை மணி நேரம் அப்படியே இழுத்துப் போனார். பாவாடைக்கு ரோஜா நிறத்தில் கரை வைத்தாற்போல் தூரத்தில் ஒரு கோடு. கிட்டப் போகப் போக அதில் கால்கள் முளைத்தன, கழுத்துகள் முளைத்தன. தலையைத் தண்ணீருக்குள் கவிழ்த்து மேய்ந்துகொண்டிருந்த பூநாரைகள் ஆயிரமாவது இருக்கும். பத்துப் பதினைந்து எழும்பிப் பறந்தபோது இறக்கைக்கு அடியில் அப்படி ஒரு சிவப்பு.

சரோஜா என் கையைப் பிடித்து வயிற்றில் வைத்தாள். "ஏங்க... அசையுது."

முதலில் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பிறகு, துணிக்கு அடியில் ஒரு விரல் நகர்ந்தாற்போல் இருந்தது. ஒரே தடவைதான். பாய் ஏன் இழுப்பதை நிறுத்தினார் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

கரைக்கு வந்ததும் நாலரை ரூபாய் கொடுத்தேன். பாய் எண்ணிப் பார்த்தார்.

"கணக்கு இடிக்குதே. நாலு பேராச்சே?"

விரல் விட்டு எண்ணினேன். "மச்சினியையும் சேர்த்துத்தான் பாய் மூணு..."

அவர் சரோஜாவின் பக்கம் மோவாயைக் காட்டினார். அவள் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தாள். நான் அவசரமாக இன்னொரு ஒன்றரை ரூபாயை நீட்டினேன்.

"உன் காசு எனக்கு வாணாம். ஏறின ஆளுதான் குடுக்கணும். இட்டுக்கினு வா, அது கையால வாங்கிக்கறேன்."

திரும்பும்போது கண்டக்டர் எத்தனை பேர் என்று கேட்டார். "நாலு" என்றேன். வசந்தாதான் மூன்று என்று திருத்தினாள். வழியில் பள்ளங்கள் இருந்திருக்கும். டிரைவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.

சரோஜாவுக்கு இது ஏழாம் மாதம். இன்னும் பயம் போகவில்லை. பயம் வரும்போதெல்லாம் கடையில் அளவு எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். அதில் ஒரே வரிதான்: காதர் பாய்க்குப் பிள்ளை தரவேண்டிய பாக்கி, ஒன்றரை ரூபாய்.