அப்பனை அரைத்தவன்

ரிமூத் பாய் முடைகிறவன். அவன் முடைந்த நாணல் பாயில் படுத்தால் முதுகு வலி போய்விடும் என்று எங்கள் ஊரில் பேர். ஊர் என்று ஒன்று இருந்த காலத்தைச் சொல்கிறேன். அசூர் நாட்டு மன்னன் படையோடு வந்தபோது கோட்டைக் கதவைத் திறந்த ஊர்கள் கப்பம் கட்டித் தப்பித்தன. நாங்கள் மூடினோம். எங்கள் பெரியவர்களுக்கு வீராப்பு கொஞ்சம் அதிகம்.

கதவு உடைந்த அன்று, சண்டை போட்டவர்களின் தலைகளை வாசலில் குவித்தார்கள். பிறகு கடப்பாரையோடு வீடு வீடாக வந்தார்கள். எதிர்த்த ஊரில் உயிரோடு இருப்பவனைத் தண்டித்தால் மட்டும் அந்த மன்னனுக்குப் போதாது, செத்தவனும் அனுபவிக்க வேண்டும்.

எங்கள் செத்தவர்கள் வீட்டுத் தரைக்கடியில்தான் இருப்பார்கள். அமாவாசைதோறும் தரையில் பதித்த மண்குழாயில் தண்ணீர் ஊற்றி, பேர் சொல்லிக் கூப்பிடுவோம். தண்ணீர் கிடைக்காதவர் தாகத்தோடு அலைவார். எலும்பே இல்லாமல் போனவரின் கதியை நாங்கள் வாய்விட்டுப் பேசுவதில்லை.

மன்னன் மற்ற ஊர்களில் தரையைத் தோண்டிய சேதி முன்பே வந்திருந்தது. ரிமூத் கெட்டிக்காரன். முற்றுகை நடக்கும்போதே அப்பா ஸாபிதுவின் எலும்புகளை எடுத்துப் பட்டறைச் சுவருக்குள் வைத்துப் பூசிவிட்டான். குழியில் வெள்ளாட்டு எலும்பைப் போட்டு மூடினான். இது தெரிந்தவர்கள் அவன் அம்மா நுப்தாவும், பக்கத்து வீட்டுக்காரனான நானும்தான்.

சிப்பாய்கள் தோண்டியதை மண்ணோடு அள்ளிச் சாக்கில் போட்டுத் தைத்தார்கள். அவரவர் வீட்டுச் சாக்கை அவரவரே மன்னனின் தலைநகரான நினிவே வரை சுமக்க வேண்டும். எல்லாரும் அழுதுகொண்டு நடந்தோம். ரிமூத் மட்டும் என் காதில், “நான் ஆட்டச் சுமக்கிறேன்டா. உனக்கும் சொன்னேன், நீதான் கேக்கல” என்றான். எனக்கு அவன் மேல் பொறாமையாக இருந்தது. என் முதுகில் என் பெரியப்பா இருந்தார்.

நினிவேயின் பெரிய வாசலில் பார்லி அரைக்கும் கற்கள் வரிசையாகப் போட்டிருந்தன. ஜனங்கள் பேரீச்சம்பழம் தின்றுகொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

“நைசா அரைங்கடா. கொரகொரன்னு இருந்தா மறுபடி அரைக்கணும்” என்றான் காவலன்.

எலும்பு கல்லில் நெரிகிற சத்தம் தானியச் சத்தம் மாதிரி இருக்காது. கொஞ்சம் பேச்சுபோல இருக்கும். பக்கத்துக் கல்லில் ரிமூத் ஊரறிய ஓலமிட்டு நடித்துக்கொண்டிருந்தான். திடீரென்று அந்த ஓலம் நின்றது.

அவன் கையில் ஒரு கால் எலும்பு. நடுவில் முறிந்து கோணலாகக் கூடியது. ஸாபிது படகுகளுக்கு நடுவில் விழுந்து கால் உடைந்ததும், அப்புறம் சாகும்வரை நொண்டியதும் ஊருக்கே தெரியும். ரிமூத் என்னைப் பார்த்தான். என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காவலனின் தடி அவன் தோளில் விழுந்தது. அவன் அரைத்தான். காற்றடித்து மாவு அவன் புருவத்திலும் உதட்டிலும் வெள்ளையாகப் படிந்தது. மிச்சத்தைத் தெருவில் வீசச் சொன்னார்கள்.

கைதிகளின் குடிசைக்குத் திரும்பியதும் அம்மாவிடம், “ஆடுதாம்மா. கவலப்படாத” என்றான்.

“பொய் சொல்லாதடா” என்றாள் நுப்தா. “நான்தான் அவர எடுத்துத் திரும்பக் குழியில வச்சேன். சுவத்துக்குள்ள தண்ணி எப்படிப் போகும்? அமாவாசை அன்னிக்கு மனுஷன் தவிச்சுப் போயிருப்பாரே.”

எனக்கு அவளை அறைய வேண்டும் போலிருந்தது. ரிமூத் இருமினான். உதட்டை நக்கிக்கொண்டான்.

அடுத்த அமாவாசை வந்தது. எங்களுக்கென்று தரையும் இல்லை, குழாயும் இல்லை. நுப்தா ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு, ஸாபிதுவின் பேரைச் சொன்னாள். பிறகு அதை மகனின் வாயருகே கொண்டுபோனாள்.

“வாயத் தொற. அவரு வேற எங்கடா இருக்காரு?”

ரிமூத் ஒரே மூச்சில் குடித்தான். குவளையைத் திருப்பி நீட்டினான்.

“நுப்தா, இன்னும் கொஞ்சம் ஊத்து” என்றான்.

அம்மாவை அவன் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதே இல்லை. அவள் முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, புருஷனுக்கு ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள்.