பேர் போன பல்கலைக்கழகம்

பி.காம். முடித்த வருஷம் எனக்கு இரண்டு இடங்களில் எம்.பி.ஏ. கிடைத்தது. ஒன்று விழுப்புரத்தில் ஒரு சின்னக் கல்லூரி. இன்னொன்று சென்னைக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். திண்டிவனம் பைபாஸில் பெரிய போர்டு வைத்திருந்தார்கள், கோட்டு போட்ட பிள்ளைகள் சிரித்துக்கொண்டு நிற்பது போல.

அப்பா திண்டிவனம் மண்டியில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டை தூக்குகிறவர். மண்டி முதலாளியிலிருந்து லாரி டிரைவர் வரை எல்லோரிடமும் கேட்டார். விழுப்புரத்துக் கல்லூரியை யாருக்கும் தெரியவில்லை. மற்றதன் பெயரைச் சொன்னதும் எல்லோரும் தலையாட்டினார்கள்.

"பேரச் சொன்னாலே ஒரு மரியாதை வருது பாரு. அங்கயே சேந்துடு" என்றார் அப்பா.

என்னோடு படித்த தோழி விழுப்புரத்தில் சேர்ந்துவிட்டாள். "அங்க படிச்சி வேலைக்குப் போனவங்க யாரையாவது உனுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். எனக்கு ஒருவரையும் தெரியாது. அது ஒரு குறையாகவே அப்போது தோன்றவில்லை.

ஒலக்கூர் பக்கம் எங்கள் ஊர். சர்ச்சில் ஞாயிறு ஆராதனையில் அப்பா எழுந்து நின்று, பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லி, கர்த்தருக்கு நன்றியாகச் சாட்சி சொன்னார். அதற்கு முன் அவர் சபையில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

படிப்பில் குறை சொல்ல முடியாது. மார்க்கெட்டிங் எடுத்த சார் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு எங்களைக் கடைத்தெருவுக்கு அனுப்புவார். ஒரு சோப்பு ஏன் விற்கிறது, பக்கத்துச் சோப்பு ஏன் தூசி படிந்து கிடக்கிறது என்று எழுதிவரச் சொல்வார். விடுதியில் அழுதுகொண்டே இங்கிலீஷ் பழகினேன். நன்றாகவே தேறினேன்.

கடைசி செமஸ்டரில்தான் டி.வி.யில் வந்தது. வகுப்புக்கே வராதவர்களுக்குப் பல்கலைக்கழகம் பட்டம் விற்றிருக்கிறது என்றார்கள். அலுவலகத்துக்கு சீல் வைத்தார்கள். வேலைக்கு ஆள் எடுக்க வருவதாக இருந்த கம்பெனிகள் வரவில்லை.

அப்பா போனில் கேட்டார். "நீ டெய்லி கிளாசுக்குப் போய்க்கினுதானம்மா இருந்த?"

"போய்க்கினுதாம்பா இருந்தேன்."

"அப்பறம் என்னா" என்றார். ஆனால் குரலில் தெம்பு இல்லை. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. ஊரிலும் யாரும் கேட்கவில்லை. கேட்காததுதான் அதிகம் வலித்தது.

சென்னையில் ஒரு நேர்காணலில், சான்றிதழைப் பார்த்தவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "தப்பா நெனச்சிக்காதீங்க. நீங்க நிஜமாவே காலேஜுக்குப் போய் படிச்சீங்களா?"

போனேன் என்றேன். எதை வைத்து நிரூபிப்பது என்று தெரியவில்லை. சோப்பைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். பாதியிலேயே, "சரி, சொல்லி அனுப்புறோம்" என்றார். அதன்பின் போன இடங்களிலும் ஏறக்குறைய இதேதான்.

இப்போது விழுப்புரத்தில் ஒரு டூவீலர் ஷோரூமில் பில் போடுகிறேன். பி.காம். போதும் என்று எடுத்துக்கொண்டார்கள். எம்.பி.ஏ. படித்ததை நானும் சொல்லவில்லை.

போன மாதம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் மார்க்கெட்டிங் சாரைப் பார்த்தேன். இளைத்திருந்தார். வணக்கம் சொன்னதும் முகம் மலர்ந்தது. எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"டுட்டோரியல்ல பிளஸ் டூ பசங்களுக்கு காமர்ஸ் எடுக்கறேம்மா. பயோடேட்டால நம்ம யூனிவர்சிட்டி பேர எடுத்துட்டேன். அத்தன வருஷமும் சும்மா வீட்ல இருந்தேன்னு நெனச்சிக்கறாங்க. அதுவே பரவால்லன்னு ஆயிடுச்சி."

நானும் எடுத்துவிட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. வளவனூர் வழியாகப் போகும் புதுச்சேரி பஸ் வந்தது. கூட்டத்தோடு முண்டியடித்து ஏறினார். ஜன்னல் பக்கம் இடம் கிடைக்கவில்லை போலிருக்கிறது. பஸ் திரும்பும்வரை தேடிப் பார்த்தேன். அவர் முகம் தெரியவில்லை.